ரசமட்டத்தின் இடது கால்

"ஏய், தோள். உன்னைத்தான். ஒரு பக்கம் இறங்கியிருக்கு பாரு, தூக்கு. அவ்வளவு தூக்காதே, காதுல இடிக்கும். ம், இப்ப போ."

காலையில் பள்ளிக்கூட வாசலில் கிடைக்கிற வரவேற்பு இதுதான். டிரில் மாஸ்டர் கேட் தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, உள்ளே வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக மட்டம் பார்த்து அனுப்புவார். பை ஒரு தோளில் தொங்கினால் நிறுத்துவார். தலை சாய்ந்திருந்தால் நிறுத்துவார். பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தையைக்கூட நிறுத்தி, "பல்லுதானே வலிக்குது, கழுத்து என்ன பண்ணுச்சு?" என்று விசாரித்தவர். பிள்ளைகள் அவருக்கு ரசமட்டம் என்று பேர் வைத்திருந்தார்கள். கொத்தனார் சுவரில் வைத்து, உள்ளே குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாரே, அந்த ரசமட்டம். பேர் அவர் காதுக்கும் போயிற்று. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். மனுஷனுக்கு உள்ளூரப் பெருமை.

அவர் உருவத்தையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை பூசிய கேன்வாஸ் ஷூ. மடிப்புக் கலையாத வெள்ளை பேன்ட். கழுத்தில் விசில். மார்பு முன்னால், வயிறு அதற்கும் முன்னால், தாடை எல்லாவற்றுக்கும் மேலே. சட்டைப் பையில் பேனா இருக்காது, மடித்த அட்டைத் துண்டுகள் இருக்கும். ஓட்டலுக்குப் போனால் முதலில் மேஜையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்ப்பார். ஆடினால் போச்சு. சர்வர் பக்கத்தில் வந்து நிற்க, இவர் மேஜைக்கு அடியில் போய்விடுவார். "அட்டையை யாரு வேணா மடிப்பான். எந்தக் கால் குட்டைன்னு கண்டுபிடிக்கிறதுலதான் இருக்கு விஷயம்" என்று அடியிலிருந்து குரல் வரும். அட்டையைச் சொருகி, வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்ட பிறகுதான் காபி.

சாவு வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. மாலை போட்ட படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அழுகிறவர்களை விலக்கிக்கொண்டு போய் நிமிர்த்திவிட்டு வருவார். "போன மனுஷனாவது நேரா இருக்கட்டும்" என்று அவர் சொன்னதில், அந்த வீட்டில் ஒருவர் அழுகையை நிறுத்திவிட்டு முறைத்ததாகக் கேள்வி.

ஊரையெல்லாம் நிமிர்த்துகிற இந்த ஆளிடம் ஒரு விசேஷம் உண்டு. இடது எது, வலது எது என்பது அவருக்குக் குழம்பிப்போய்விட்டது. அவர் மேல் தப்பில்லை, தொழில் அப்படி. பிள்ளைகளுக்கு எதிரே நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இவருடைய வலது கால் இருக்கிற பக்கத்தில்தான் அவர்களுடைய இடது கால் இருக்கும். அதனால் "இடது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இவர் வலது காலைத் தூக்குவார். பிள்ளைகள் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி பார்த்து, தங்கள் இடதைத் தூக்குவார்கள். வருஷக்கணக்கில் இதையே செய்து செய்து, வாய் ஒரு பக்கமும் உடம்பு மறுபக்கமுமாக ஊறிவிட்டது.

வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவது அவர் மனைவி. பின்னால் உட்கார்ந்து வழி சொல்வது இவர். "இடது பக்கம் திரும்பு" என்பார். அவள் பேசாமல் வலது பக்கம் திருப்புவாள். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். "பாத்தியா, நான் இல்லன்னா வழி தப்பியிருப்பே" என்று இறங்குவார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். துணிக்கடை ஒன்றில் பேன்ட் நீளம் குறைத்து, இடுப்புப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஊசியும் தையல் பிரிப்பானுமாக இருக்கிறவள், வாயைத் திறப்பது குறைவு.

மாஸ்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. ஆண்டு விளையாட்டு விழாவில் அணிவகுப்பை முன்னால் நின்று நடத்திக்கொண்டு போவது அவர்தான். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மேடை முன்னால் நிற்கும் கொடிக்கம்பம் வரைக்கும் தன் கையாலேயே சுண்ணாம்புக் கோடு போடுவார். கயிறு பிடித்து, ஒரு நூல் பிசகாமல் போடுவார். ஆனால் அணி அந்தக் கோட்டில் போனதே கிடையாது. புறப்படும்போது கோட்டின் மேல் இருக்கும். பாதி வழியில் கோடு ஒரு பக்கம், அணி ஒரு பக்கம். இடது பக்கமாகச் சரிந்து சரிந்து, கொடிக்கம்பத்துக்குப் பதிலாக, பெற்றோருக்குப் போட்ட பந்தலின் ஓரத்துக்குப் போய் வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பும். மேடையில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பி வணக்கத்தை வாங்கிக்கொள்வார்கள்.

"மைதானம் சரிவு" என்பது மாஸ்டரின் தீர்ப்பு. அவர் எழுதிப் போட்டுப் போட்டு, பள்ளிக்கூடம் ஒரு முறை ரோலர் வரவழைத்தது. அடுத்த வருஷமும் அணி சரிந்தது. "மண்ணு ஒரு பக்கம் இறங்கிடுச்சு மேடம்" என்றார். தலைமையாசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை ரோலர் விட்டார். இப்போது அந்த மைதானத்தில் ஒரு கோலிக் குண்டை வைத்தால், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நிற்கும். அணி மட்டும் இடது பக்கம் போனது.

இது அவருடைய கடைசி வருஷம். விழா முடிந்த கையோடு ஓய்வு. "ஒரே ஒரு தடவை கோட்டு மேல போயிட்டாப் போதும். அப்புறம் விசிலைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன்" என்று ஆசிரியர் அறையில் சொல்வார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு விடைத்தாளைத் திருத்துவார்கள். அவருக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அந்தக் கோட்டில் நடந்து முடிக்காமல் போனால், இத்தனை வருஷம் வாசலில் நின்று கத்தியதெல்லாம் எதற்கு என்று அவருக்கு மனசுக்குள் அரிக்கத் தொடங்கியிருந்தது.

கூடவே இடுப்பு வலி. அது மெத்தையால் என்று மெத்தையை மாற்றினார். நாற்காலியால் என்று நாற்காலியை மாற்றினார். பஸ் சீட்டால் என்று பஸ்ஸை மாற்றினார். தன்னை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மருத்துவ முகாம் வைத்தார்கள். பிசியோதெரபி பார்க்க வந்தவள், இதே பள்ளியில் படித்த பெண். அந்தக் காலத்தில் இவரிடம் தினமும் "தோள்" வாங்கியவள். மாஸ்டர் பிள்ளைகளை வரிசையில் விட வந்தவர், சும்மா இருக்காமல், "என்னையும் பாரும்மா. எப்படி நிக்கணும்னு இதுங்களுக்கு ஒரு மாதிரி வேணுமில்ல" என்று ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.

"இயல்பா நில்லுங்க சார்."

"இயல்பாத்தான் நிக்கிறேன்."

"இல்ல சார், நீங்க அட்டென்ஷன்ல நிக்கிறீங்க. தளர்த்துங்க."

மாஸ்டருக்கு அது பிடிபடவில்லை. தளர்த்துவது எப்படி என்று அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, கற்றுக்கொண்டதும் இல்லை. அவள் பின்னால் நின்று, இடுப்பு எலும்பின் இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்தாள். முழங்கால் மடிப்பைப் பார்த்தாள். கழற்றி வைத்த ஷூவைத் தலைகீழாகத் திருப்பி, குதிகால் தேய்ந்திருந்ததைப் பார்த்தாள். பிறகு மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவர் இடது பாதத்துக்கு அடியில் நுழைத்துக்கொண்டே வந்தாள். ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"சார், உங்க இடது கால் கொஞ்சம் குட்டை."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார். அதனாலதான் இடுப்பு வலிக்குது. தோளும் ஒரு பக்கமா இறங்கியிருக்கு."

தோள் என்ற சொல்லை அவள் வேண்டுமென்று சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்பது அவளுக்கே வெளிச்சம். மாஸ்டரின் முகம் போன போக்கைப் பார்த்து, அவளே ஆறுதலும் சொன்னாள். "நிறையப் பேருக்கு இருக்கு சார், தெரியாமலே இருக்காங்க. ஷூவுக்குள்ள குதிகால்ல இந்த ரப்பர் பேடை வெச்சுக்கங்க. இது போதும், இதுக்கு மேல நீங்களா எதுவும் சேர்க்காதீங்க. வலி கூடுச்சுன்னா உடனே வாங்க. இடது ஷூல சார்."

"இடது எனக்குத் தெரியாதா? உனக்கே இடது வலது சொல்லிக் குடுத்தவன் நான்."

வீட்டுக்கு வந்தார். வாசலில் ஷூக்கள் சுவரைப் பார்த்து ஜோடியாக இருந்தன. முன்னால் குந்தி உட்கார்ந்து, "இடது" என்று வாய்விட்டுச் சொன்னார். கை நேராகப் போய் வலது ஷூவுக்குள் பேடை வைத்தது. போதாதற்கு, மேஜைக்கு வைக்கிற அட்டையில் ஒரு துண்டையும் அடியில் சொருகினார். அந்தப் பெண் சின்னப் பெண், பயந்து பயந்து அளவு சொல்லியிருப்பாள் என்பது அவர் கணக்கு.

குட்டைக் கால் அப்படியே இருக்க, நெட்டைக் கால் இன்னும் வளர்ந்தது. மாஸ்டர் எழுந்து நாலு எட்டு நடந்து பார்த்து, "அடடா, புது உலகமா இருக்கே" என்றார். இருக்கத்தானே செய்யும், உலகம் அதுவரைக்கும் இருந்த கோணத்தில் இல்லை.

மறுநாள் காலைக்குள் வெட்கம் போய் ஞானம் வந்துவிட்டது. தனக்கு இருப்பது வெறும் ஒரு நூல் வித்தியாசம், மற்றவர்களுக்குத்தான் பெரிசு பெரிசாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிற்று. வாசலில் தோளைப் பார்த்த கண் இப்போது காலைப் பார்த்தது. ஆசிரியர் அறையில் யார் எழுந்தாலும், "கொஞ்சம் அப்படியே நில்லுங்க" என்று பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். மனுஷனுக்கு வருகிற எல்லாக் கஷ்டத்துக்கும் காரணம் கால்தான். தனக்குப் பதவி உயர்வு வராமல் போனதற்குக்கூட, அன்றைக்கு அதிகாரி முன்னால் ஒரு நூல் சாய்ந்து நின்றிருப்போம் என்று விளக்கம் வைத்திருந்தார்.

ஆபீஸ் கிளார்க் ஒன்றுமில்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர். அவரை ஒரு மத்தியானம் பிடித்து நிறுத்தி, ஒரு செருப்பில் அட்டை ஒட்டி அனுப்பினார் மாஸ்டர். நாலு நாளில் கிளார்க்குக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "நல்லதுதான். உடம்பு வழிக்கு வருது" என்றார் மாஸ்டர். தலைமையாசிரியையிடமும் போனார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எல்லார் மேலயும் எரிஞ்சு விழறதுக்குக் காரணம் உங்க குணம் இல்ல. உங்க கால்." சொன்னதோடு நிற்காமல், மேஜையில் இரண்டு அட்டைத் துண்டையும் வைத்துவிட்டு வந்தார். தலைமையாசிரியை அந்த இரண்டையும் இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

இதற்கிடையில் மாஸ்டரின் இடுப்பு, வலியிலிருந்து வாதைக்கு உயர்ந்திருந்தது. காலையில் கட்டிலை விட்டு எழுவதற்கு ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. "குணமாகிறதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிசியோதெரபி பெண்ணிடம் போகவில்லை. ஜெயித்துவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தார்.

விழாவுக்கு முந்தைய வாரம் ஒத்திகை. மாஸ்டர் கோட்டின் மேல் நின்று, திரும்பிப் பார்த்து, வருஷாவருஷம் சொல்வதையே சொன்னார். "யாரும் என்னைப் பாக்கக் கூடாது. பார்வை நேரா. எது குறுக்க வந்தாலும் கால் நிக்கக் கூடாது. நான் விசில் ஊதினாத்தான் நிக்கணும்." பின்னால் கொடி பிடித்த பெண், அவளுக்குப் பின்னால் அணி, கடைசியில் டிரம். விசில் ஊதினார். புறப்பட்டார்கள்.

எப்போதும் பாதி வழியில் தொடங்குகிற சரிவு, அன்றைக்குப் பத்தடியிலேயே தொடங்கியது. மாஸ்டருக்குத் தெரியவில்லை. தாடை மேலே இருக்கிறவருக்குத் தரை எப்படித் தெரியும். பந்தலின் ஓரத்துக்குக்கூட அணி போகவில்லை, நேராகப் பந்தலுக்குள்ளேயே போயிற்று. மாஸ்டர் பந்தல் காலில் மோதினார். அணி நிற்கவில்லை, விசில் ஊதவில்லையே. மாஸ்டரின் முதுகில் கொடி, கொடியின் மேல் முதல் வரிசை, அதன் மேல் இரண்டாம் வரிசை, எல்லாவற்றின் மேலும் பந்தல் துணி. துணிக்கு அடியில் டிரம் மட்டும் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தத் தடவை எரிந்து விழவில்லை. அதுதான் மாஸ்டருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"மாஸ்டர், இந்த வருஷம் நீங்க மேடைகிட்ட நாற்காலியில உக்காந்துக்கங்க. விசில் மட்டும் ஊதுங்க. முன்னால வேற யாராவது நடக்கட்டும்."

"மேடம், மைதானம்..."

"மைதானம் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்."

அவர் வெளியே வந்தபோது, மைதானத்தில் கொடிப் பெண் முதல் வரிசையைக் கூட்டி வைத்துக்கொண்டு தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எல்லோரும் விறைத்து நின்றார்கள். ஒருத்திக்குத் தோள் இறங்கியிருந்தது. மாஸ்டர் அதைத் திருத்தாமல் கடந்து போனார்.

சாயங்காலம் வீட்டில், ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி வேலையிலிருந்து வந்து அவரைப் பார்த்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பேன்ட்டைப் பார்த்தாள். வலது காலில் விளிம்பு மேலே ஏறி, சாக்ஸ் தெரிந்தது. ஒரு வாரமாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பொண்ணு எந்தக் கால்னு சொல்லுச்சு?"

"இடதுன்னு."

"நீங்க எந்த ஷூல வெச்சிருக்கீங்க?"

"இடதுலதான்."

"எந்திரிச்சு நில்லுங்க. இடது காலைத் தூக்குங்க பார்ப்போம்."

மாஸ்டர் சலிப்போடு எழுந்து காலைத் தூக்கினார்.

"வாட்ச் எந்தக் கையில கட்டியிருக்கீங்க?"

"இடது கையில. இது என்ன கேள்வி?"

"வாட்ச் பக்கத்துக் கால் எங்க இருக்கு?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். வாட்ச் பக்கத்துக் கால் தரையில் இருந்தது. பிறகு உட்கார்ந்து, தூக்கிய காலின் ஷூவைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, பேடையும் அட்டையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் அலமாரியைத் திறந்து, அவருடைய வெள்ளை பேன்ட்டுகளை எல்லாம் எடுத்து வந்தாள். ஒன்றை விரித்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். இடது கால் நீளம் குறைவு. ஒரு நூல் இல்லை, நன்றாகவே குறைவு. அடுத்ததும் அப்படி. எல்லாமே அப்படி.

"எப்போலேருந்து?"

"நான் தெச்ச முதல் பேன்ட்லேருந்து. இடது பக்கம் தரையில தேய்ஞ்சு தேய்ஞ்சு கிழிஞ்சுது. மடிச்சு ஏத்தித் தெச்சேன். பாக்க நேரா இருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"ஊரையே நிமிந்து நில்லுன்னு சொல்ற ஆள்கிட்ட வந்து, நீங்க சாய்ஞ்சிருக்கீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?" அவள் பேன்ட்டை மடித்தாள். "கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ரெண்டு காலும் ஒரே அளவு கிடையாதுங்க. யார்கிட்டயும் சொல்றதில்ல. மடிச்சுத் தெச்சுக் குடுத்துடுவேன். நேரா நடந்து போறதா நினைச்சுக்கிட்டுப் போவாங்க."

மாஸ்டர் மடித்த பேன்ட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். வந்தது கோபமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் தான் நிமிர்ந்து நின்றதாக நினைத்ததெல்லாம், இவள் ஊசி நூலால் நிமிர்த்தி வைத்தது. "ஸ்கூட்டர்ல நான் இடதுன்னு சொன்னா..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கிவிட்டார்.

அவள் பிரிப்பானை எடுத்து, விழாவுக்கு உரிய பேன்ட்டின் இடது மடிப்பைப் பிரித்து, கீழே இறக்கித் தைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் அவர் முதலில் பிசியோதெரபி பெண்ணிடம் போனார். அட்டையை அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள். பேடை அவளே சரியான ஷூவில் வைத்து, நடக்கச் சொல்லிப் பார்த்து அனுப்பினாள். அங்கிருந்து தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், மைதானத்துல தப்பில்ல. என் கால்லதான்."

ரோலருக்கு இரண்டு முறை கையெழுத்துப் போட்ட அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு நூல்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய். நல்லாவே குட்டை. அதுலயும் தப்பான ஷூல வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் வைத்தியம் பாத்தேன். இப்ப மாத்தியாச்சு. ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க மேடம். நாற்காலியில மட்டும் உக்கார வெச்சுடாதீங்க."

தலைமையாசிரியை மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்து நீட்டினார். "இதையும் எடுத்துட்டுப் போங்க. கிளார்க்கோட செருப்பையும் சரி பண்ணிக் குடுத்துடுங்க. அப்புறம் நடங்க."

பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் மறுபடி ஒத்திகை வைக்க நேரமில்லை. மாஸ்டர் தனியாகப் பழகினார். காலி வராந்தாவில் தரைக் கல்லின் இணைப்பைக் கோடாக வைத்துக்கொண்டு, தாடையை இறக்கி, காலைப் பார்த்துப் பார்த்து நடந்தார். அந்த வாரம் வாசலில் அவர் குரல் கேட்கவில்லை. மாஸ்டருக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

விழா நாள் வந்தது. சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று கிடந்தது. இடது பக்கம் பந்தல், வலது பக்கம் நீளம் தாண்டுகிற மணல் குழி, எதிரே கொடிக்கம்பம். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் மனைவி உட்கார்ந்து, அவர் பேன்ட் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் சரியாக ஷூவைத் தொட்டு நின்றன.

மாஸ்டர் விசில் ஊதினார். டிரம் தொடங்கியது. கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தினார். கோடு இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தது. பத்தடி போய்ப் பார்த்தார், இருந்தது. பாதி வழியில் பார்த்தார், அங்கேயும் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கொடிக்கம்பத்தின் அடியில் போய்க் கோடு முடிகிற இடத்தில் ஷூவின் நுனியை வைத்து நின்று, மார்பு நிறைய மூச்சை இழுத்து, மேடைக்கு விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார்.

மேடையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் கழுத்தைத் திருப்பி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம் சத்தமும் பின்னாலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வந்தது. மாஸ்டர் திரும்பினார். கோட்டில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. அணி முழுவதும் வலது பக்கம் போய், மணல் குழிக்குள் இறங்கி, கணுக்கால் புதையப் புதைய, நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தது. பார்வை நேரா. யாரும் நிற்கவில்லை. விசில் ஊதவில்லையே.

மாஸ்டர் அங்கே ஓடினார்.

"கோடு இங்க இருக்கு, எங்க போய் நிக்கிறீங்க?"

கொடிப் பெண் தலையைத் திருப்பாமல், காலை நிறுத்தாமல், அழுகிற குரலில் சொன்னாள். "சார், நீங்க இடது பக்கமா சாய்ஞ்சிடுவீங்க சார். நாங்க எப்பவுமே கொஞ்சம் வலது பக்கம் இழுப்போம். பெரிய அக்காங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. போன தடவை பந்தல்ல விழுந்துட்டீங்க. இது உங்க கடைசி வருஷம்னு நல்லா இழுத்துட்டோம் சார்."

அலமாரியிலிருந்து எடுத்துப் போட்ட பேன்ட்டுகள் மாஸ்டரின் கண் முன்னால் வந்தன. முதல் வரிசையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று அங்கிருந்து தெரியவில்லை.

"மாஸ்டர், பிள்ளைங்களைக் கோட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று தலைமையாசிரியை மைக்கில் சொன்னார்.

மாஸ்டர் திரும்பிக் கோட்டைப் பார்த்தார். ஆசையாசையாகத் தான் போட்ட கோடு. பிறகு மணலுக்குள் இறங்கினார். எப்போதும்போல் பிள்ளைகளுக்கு எதிரே போய் நிற்கவில்லை. கொடிப் பெண்ணுக்குப் பக்கத்தில், அவள் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு, வரிசையில் ஒருவராகப் போய் நின்றார். "இங்கேருந்தே கம்பத்துக்குப் போவோம். இடதுல ஆரம்பிங்க" என்றார். சொல்லிவிட்டு, கொடிப் பெண் எந்தக் காலைத் தூக்குகிறாள் என்று குனிந்து பார்த்துக்கொண்டு, தானும் அந்தக் காலைத் தூக்கினார்.